டிகிரி மாப்பிள்ளை

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போய், இந்த ஊரில் நன்றாக யோசித்து முடிவெடுக்கிற மனிதர் யார் என்று கேட்டால், எல்லோரும் கலியமூர்த்தியைத்தான் கைகாட்டுவார்கள். அப்படி யோசித்து என்னென்ன முடிவெடுத்தார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பொங்கலுக்கு வீட்டுக்கு மஞ்சள் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று மார்கழியில் யோசிக்கத் தொடங்கி, பங்குனி வெயிலில் 'இந்த வருஷம் வேண்டாம்' என்று தீர்மானித்தவர் அவர். மீசையை எடுத்துவிடலாமா என்று சலூன் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து, பின்னால் காத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து போன பிறகு, தலைமுடியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தவர். கலியமூர்த்தி அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தார் என்று யாராவது சொன்னால், அந்த ஆள் வெளியூர் என்று அர்த்தம்.

அவர் பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. குழந்தைசாமி முதலாளியின் அளத்தில் அவர் டிகிரி பார்க்கிறவர். உப்புத் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். காயக் காயத் தண்ணீர் கனக்கும். எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும். அதன் கழுத்தில் இருக்கிற கோடுகள்தான் டிகிரி. இருபத்துநாலு வந்தால் மடையைத் திறந்து, உப்பு விளைகிற பாத்திக்குத் தண்ணீரை விடலாம். மற்றவர்கள் வெயிலில் முதுகு ஒடிய உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருக்க, கலியமூர்த்தி குனிந்து, குழலை மிதக்கவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிமிர்ந்து, “இன்னும் ஏறலப்பா” என்பார். பிறகு அடுத்த பாத்திக்குப் போவார். ஊரில் அவருக்குப் பெயரே டிகிரி கலியமூர்த்தி. அவசரத்துக்கு வெறும் டிகிரி.

இந்த டிகிரியால்தான் அவருக்குப் பெண் கிடைத்தது.

பிரம்மதேசத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற சிங்காரத்தின் மகள் வைஜெயந்தி. ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடமே மூக்கில் விரல் வைக்கிற மார்க் வாங்கியிருந்தாள். காலேஜில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் தரகர் வந்து, “பையன் மரக்காணத்துல டிகிரிங்க” என்றார். பிரம்மதேசத்துக்காரர்களுக்கு உப்பு என்றால் கடையில் வாங்குவது. டிகிரி என்றால் காலேஜில் வாங்குவது. சிங்காரத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“படிச்ச மாப்பிள்ளம்மா. கல்யாணத்துக்கு அப்பறம் அவரே ஒன்ன காலேஜுல சேத்து உட்டுடுவாரு, பாரு” என்று மகளைச் சமாதானம் செய்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

“தம்பி டிகிரின்னு சொன்னாங்க…”

“ஆமாங்க. ஆறு வருஷமா டிகிரிதாங்க.”

சிங்காரம் அசந்துபோனார். மூன்று வருஷ டிகிரியை அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆறு வருஷ டிகிரி என்றால் அது டாக்டர் படிப்புக்கும் மேலே ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு படித்த பிள்ளை எப்படி அடக்கமாக பஜ்ஜி சாப்பிடுகிறது என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கலியமூர்த்திக்கோ, தன் வேலைக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியம். ஏன் இந்த மரியாதை என்று யோசிக்க வேண்டிய இடம் அது. ஆனால் பஜ்ஜி நன்றாக இருந்தது.

கல்யாணம் முடிந்து மரக்காணம் வந்த பிறகு ஒரு மத்தியானம் வைஜெயந்தி, “நீங்க எதுலங்க டிகிரி?” என்று கேட்டாள். அவர் முகமெல்லாம் பல்லாக எழுந்துபோய், துணியில் சுற்றி வைத்திருந்த கண்ணாடிக் குழலை எடுத்து வந்து காட்டினார். அவள் குழலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி குழலைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. “கீழ போட்டுடாதீங்க, ஒடஞ்சிடப் போவுது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தன் தொழில்மீது மனைவிக்கு எவ்வளவு அக்கறை என்று கலியமூர்த்தி பூரித்துப்போனார்.

காலேஜ் விஷயத்தை அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். “யோசிச்சு சொல்றேன்” என்றார். பிறகு மகள் சங்கீதா பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். கலியமூர்த்தி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து போயிற்று. குப்பங்களில் பெற்ற பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் கிண்டல் பண்ண ஒன்றுமில்லை. கிண்டலெல்லாம் பின்னால் வந்ததைப் பற்றித்தான். கடல் திரும்பிப் போன தடத்திலேயே ஜீப்புகள் வந்தன. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு தொண்டு நிறுவனம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு போர்டு. ஒருத்தர் வந்து எத்தனை வலை போயிற்று என்று கேட்டுவிட்டுப் போனால், அடுத்தவர் வந்து மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பார். மூன்றாமவர் வந்து, முதலில் வந்த இரண்டு பேரும் ஒழுங்காகக் கேட்டார்களா என்று கேட்பார். இப்படிக் கேட்பதற்கெல்லாம் ஆள் தேவைப்பட்டது. நேற்று வரை டீக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த பையன்கள் கழுத்தில் நாடா போட்டு அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, பைக்கில் பறந்தார்கள்.

கலியமூர்த்திக்கு அந்த அட்டைமேல் கண் விழுந்தது. நிழலில் வேலை, தலைக்கு மேலே ஃபேன், கழுத்தில் படம் போட்ட அட்டை. ஆசை முளைத்த நேரம் பார்த்து, சங்கீதா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கேள்வியையும் கொண்டு வந்தாள்.

“அப்பா, நீங்க என்ன வேலைன்னு டீச்சர் கேட்டாங்க. டிகிரின்னேன். எந்த டிகிரின்னு கேட்டாங்க. என்னான்னு சொல்லட்டும்?”

கலியமூர்த்தி கூரையைப் பார்த்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது. அன்றைக்குத்தான் வேலை மாறுவது பற்றி யோசிப்பது என்ற முடிவுக்கு வந்தார். கவனிக்க வேண்டும்: மாறுவது என்று அல்ல, மாறுவது பற்றி யோசிப்பது என்று. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துச் சித்திரை அது.

அதற்குப் பிறகு ஊருக்கே வேலை வந்துவிட்டது. அவர் ஆலோசனை கேட்காத ஆள் கிடையாது. டீக்கடை மாயவன் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே, “இருக்கற வேலைய உட்டுட்டு வேற வேல தேடாதண்ணே. இருந்துகினே தேடு” என்றார். அடுத்த வாரம் அதே மாயவன், “ஒரு கால இங்க வச்சிகினு ஒரு கால அங்க வச்சா எப்பிடிண்ணே? உட்டுட்டுத் தேடு” என்றார். இரண்டுமே ஆழமான கருத்தாகக் கலியமூர்த்திக்குப் பட்டன. இரண்டுக்கும் டீ குடித்தார்.

வைஜெயந்தியின் தம்பி சுரேஷ்தான் ஆலோசகர்களில் தலையானவன். வேலை மாறுவதில் அவனுக்கு நிகரான அனுபவம் அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான். கடற்கரைச் சாலையில் மனை விற்றான். கோட்டக்குப்பத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவரிடம் எடுபிடியாக இருந்தான். அவர் ஆளையெல்லாம் அனுப்பிவிட்டு ஒருநாள் தானும் போய்விட்டார். இப்போது பாண்டிச்சேரி ஹோட்டல் ஹாலில் டை கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அங்கே போய் வருவதற்கான பைக் இன்னொருத்தனுடையது.

“மாமா, லைஃப்ல ரிஸ்க் எடுக்கணும்” என்றான் சுரேஷ். “என்னப் பாருங்க.”

கலியமூர்த்தி அவனைப் பார்த்தார். அதோடு அவர் விட்டிருக்கலாம்.

குழந்தைசாமி முதலாளியிடமே போய்க் கேட்டதுதான் உச்சம். தன் அளத்து வேலையை விடலாமா வேண்டாமா என்று தன்னிடமே ஆலோசனை கேட்ட ஆளை முதலாளி வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார். “போறதுன்னா போ கலியமூர்த்தி. இருக்கறதுன்னா இரு. சீசன்ல மட்டும் கழுத்தறுக்காத” என்றார். இதையும் அவர் யோசித்துப் பார்க்க வேண்டிய கருத்துகளில் சேர்த்துக்கொண்டார்.

“என்ன டிகிரி, முடிவு பண்ணிட்டியா?” என்று யாராவது கேட்டால், “இன்னும் டிகிரி ஏறலப்பா” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதற்குள் ஒரு நிறுவனத்தின் வேலை வானூர்ப் பையனுக்குப் போயிற்று. இன்னொரு நிறுவனம் வலை கொடுத்து முடித்து, போர்டைக் கழற்றிக்கொண்டு ஊருக்கே போய்விட்டது. ஐப்பசியில் அந்த வருஷத்துப் பேய்மழை வந்து அளமெல்லாம் ஏரியாகக் கிடந்தபோது, வீட்டில் உட்கார்ந்து யோசிக்க இன்னும் வசதியாயிற்று.

ஊரெல்லாம் கேட்டவர் ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை. ராத்திரி சோறு போடுகிறவளிடம், 'நான் இந்த வேலைக்குப் போகட்டுமா, உனக்கு என்ன தோணுது?' என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் இருக்கிறவளுக்கு வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் நினைத்திருக்கலாம். உள்ளதைச் சொன்னால், அதைக்கூட அவர் நினைக்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

மறு வருஷம் பங்குனியில், மிஞ்சியிருந்த ஒரே நிறுவனத்தில் ஒரே ஒரு வேலை காலியாயிற்று. குப்பத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கிற கள ஒருங்கிணைப்பாளர். ப்ளஸ் டூ போதும், டிகிரி இருந்தால் முன்னுரிமை. சுரேஷே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். படிப்பு என்ற இடத்தில் டிகிரி என்று எழுதியிருந்தான்.

“டேய், நா பத்தாவதுடா.”

“ஊரே உங்கள டிகிரின்னுதான் மாமா கூப்புடுது. ஊரு சொல்றத நா எழுதனேன். இதுல பொய் எங்க இருக்குது?”

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகக் கலியமூர்த்திக்குப் பட்டது. யோசித்துப் பார்த்தால் எதிலும் ஒரு நியாயம் இருக்கும். அதற்காகத்தானே மனிதர்கள் யோசிக்கிறார்கள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், ஒரு வருஷ யோசனையெல்லாம் திரண்டு அவரை அளத்து ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. சீசன் தொடங்கி, பாத்திகளில் தண்ணீர் கனத்துக்கொண்டிருந்த நேரம். கண்ணாடிக் குழலை முதலாளியின் மேஜைமேல் வைத்தார். பதினெட்டு வயதிலிருந்து தன்னை யாரும் மதிக்கவில்லை என்றும், தனக்கும் ஒரு எதிர்காலம் இருக்கிறது என்றும், இனிமேல் இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்றும் சொன்னார். சுரேஷ் சொல்லிக்கொடுத்தபடி, நிமிர்ந்து நின்றபடி பழைய வேலையை உதறினார்.

“பாத்து வய்யி, உருண்டுடப் போவுது” என்று சொல்லி, முதலாளி குழலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

புது வேலை கையில் வருவதற்கு ஒருநாள் முன்னால் பழைய வேலையை விடுவதுதான் ஒரு வருஷ சிந்தனையின் பலன். இதை யோசிக்காத ஒருத்தன் செய்திருந்தால் முட்டாள் என்பார்கள்.

மறுநாள் காலை, வானூர் தாலுகா ஆபீஸில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொன்னார். வேலை உறுதியானதும் சொல்லி அசத்திவிடலாம் என்று எண்ணம். “எனக்கும் குழு மீட்டிங்கு இருக்குது. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்” என்றாள் வைஜெயந்தி. தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் அவள். கல்யாணத்துக்குப் போட்ட பேன்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டிக்கொண்டு, கலியமூர்த்தி சைக்கிளை வானூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் மிதித்து, பிறகு சுற்றுவழியாக நிறுவனத்தின் ஆபீஸுக்கு வந்தார்.

அது வாடகைக்குப் பிடித்த வீடு. கூடத்தைப் பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்து, அந்தப் பக்கம் மேடத்தின் அறை, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு பெண், கஞ்சி போட்ட புடவையில், மடியில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். கலியமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுமுனையில் உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“வானூரு இங்க வந்துடுச்சாங்க?” என்றாள் வைஜெயந்தி.

அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். “நீ… குழு மீட்டிங்குன்ன?”

“இது குழு வேலதான.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீங்க சொன்னீங்களா? இன்னும் ஒரு வருஷமாவது யோசிப்பீங்கன்னு நெனச்சித்தான் நா எழுதிப் போட்டேன். நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

அதற்குள் உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, புடவை மடிப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். பிளைவுட் பலகைக்குப் பேச்சை மறைக்கிற சாமர்த்தியம் இல்லை. சுலோசனா மேடம் என்று ஊரில் சொல்கிற அந்த அம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது. குழுவைப் பற்றிக் கேட்டார். எந்தக் குப்பத்தில் எந்தக் குழு உடைந்து கிடக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எதனால் இல்லை என்று வைஜெயந்தி சொல்லிக்கொண்டே போனாள். தன் வீட்டில் இவ்வளவு பேசத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பது கலியமூர்த்திக்குப் புதுச் செய்தி.

“வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?” என்றார் மேடம்.

“யோசிச்சிட்டு இருக்காருங்க.”

மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டது. “இல்லம்மா, என்ன வேலைன்னு கேட்டேன்.”

“உப்பளத்துலங்க.”

“நீங்க வேலைக்குப் போறதுல அவருக்குச் சம்மதமா?”

“கேக்கலங்க. கேட்டா யோசிச்சு சொல்றேன்னுவாரு. காலேஜ் போறேன்னு ஒருக்கா கேட்டேன். பன்னெண்டு வருஷம் ஆவுது, இன்னும் பதில் வரல.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு முகம் சுட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானத்தில் அவள் குழலையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. கீழே போட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும் என்று அவள் சொன்னது கண்ணாடியைப் பற்றித்தானா என்ற சந்தேகம், இவ்வளவு தாமதமாக, இப்போதுதான் அவருக்கு வந்தது.

“மார்க் இவ்வளவு நல்லா இருக்கு. மேல ஏன் படிக்கல?”

“மாப்பிள்ள டிகிரின்னாங்க. அவரு படிக்க வைப்பாருன்னு எங்கப்பா நெனச்சாரு.”

“டிகிரி படிச்சவரா? உப்பளத்துலன்னு சொன்னீங்க?”

கலியமூர்த்தி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய மானம் கப்பலேறிவிடும். சொல்வதற்கு அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

“அத அவரையே கேட்டுக்குங்க மேடம். அடுத்தது அவருதான். வெளிய உக்காந்திருக்காரு.”

கலியமூர்த்தி உள்ளே போனபோது வைஜெயந்தியைப் போகச் சொல்லாமல் மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். வேடிக்கையான ஒரு சிக்கலைப் பார்த்த சந்தோஷம் அந்த அம்மாள் முகத்தில் இருந்தது.

“பாருங்க சார், இருக்கறது ஒரே போஸ்ட். உங்க மனைவி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உங்களுக்கு டிகிரி இருந்தா, ரூல்படி உங்களுக்குத்தான் கொடுக்கணும். யாருக்குக் கொடுத்தாலும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது, அதனால பிரச்சினை இல்ல. அப்ளிகேஷன்ல டிகிரின்னு மட்டும் போட்டிருக்கு. என்ன டிகிரின்னு சொல்லுங்க.”

நேற்றே விட்டுவிட்ட வேலை அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. மேடத்தின் கழுத்தில் அட்டை தொங்கியது. ஒரே வீட்டுக்குத்தானே என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. 'யோசிச்சு சொல்றேங்க' என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் தொண்டை வரை வந்தும்விட்டது. பக்கத்து நாற்காலியில் வைஜெயந்தி அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஃபைலின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பதில் என்ன என்று முன்கூட்டியே தெரிந்தவள் மாதிரி, கிளம்புவதற்குத் தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி தன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல், டீ குடிக்காமல், வாயைத் திறந்தார்.

“அது தண்ணியோட டிகிரிங்க. நா பத்தாவதுதான்.”

“புரியலையே.”

“உப்புத் தண்ணி எவ்ளோ கனமா இருக்குதுன்னு பாப்பாங்க, அதுக்குப் பேரு டிகிரி. அது பாக்கறதுதான் என் வேல. அதனால ஊருல டிகிரின்னு கூப்புடுவாங்க. நானும் அப்பிடியே உட்டுட்டேன்.” வைஜெயந்தியின் பக்கம் கையைக் காட்டினார். “உட்டிருக்கக் கூடாது. இவங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனன்னிக்கே சொல்லி இருக்கணும். இவங்க நல்லா படிச்சவங்க மேடம். வேலைய இவங்களுக்கே குடுங்க.”

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளை 'இவங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான். வைஜெயந்தியின் விரல் நூலைச் சுற்றுவதை நிறுத்தியது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வேலை வைஜெயந்திக்கே ஆயிற்று. திரும்பும்போது அவள் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் பளபளத்தன. மனைவிக்கு முகம் காட்டாமல் பேச முடிவது சைக்கிளில் ஒரு வசதி. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு அவர் சொன்னார்.

“முதலாளிகிட்ட வேலைய உட்டுட்டேன்.”

“எப்ப?”

“நேத்து.”

“இன்டர்வியூக்கு முன்னாடியேவா? நல்லா யோசிச்சித்தான் செஞ்சீங்களா?”

“ரொம்ப யோசிச்சேன்.”

வைஜெயந்தி சிரித்தாள். கேரியர் குலுங்கி, சைக்கிள் ஆடி, இரண்டு பேரும் மடை வாய்க்காலில் விழ வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் போல அவருக்கு ஒரு பக்கம் வலித்தது. இன்னொரு பக்கம், இந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று இருந்தது.

மறுநாள் குழந்தைசாமி முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முதலாளி வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். பிறகு, “நீ ஒரு வருஷம் யோசிச்ச. நா ஒரு மாசமாவது யோசிக்க வேணாவா? யோசிச்சு சொல்றேன், போ” என்றார். அந்த வாக்கியம் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பதைக் கலியமூர்த்தி அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

அந்த ஒரு மாசமும் அவர்தான் சமைத்தார். உப்பளத்துக்காரர் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று சங்கீதா பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்தாள். ஒரு மாசம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிக் குழல் முதலாளியின் தங்கை மகன் கைக்குப் போயிருந்தது. அவன் பார்க்கிற டிகிரியும் டிகிரியாகத்தான் இருந்தது, உப்பும் எப்போதும்போல விளைந்தது. கலியமூர்த்திக்கு லாரியில் மூட்டை ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை. மூட்டை வந்தால் ஏற்ற வேண்டும், அதில் யோசிக்க எதுவும் இல்லை. டிகிரி என்ற பெயர் மட்டும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

வைகாசி கடைசியில் ஒருநாள் வைஜெயந்தி கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு விளக்கப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கலாமாம். மேடம் கொடுத்தாராம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருதடவை கேட்டதே அவளுக்குப் போதும் என்று இருந்திருக்கும். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சேந்துடு” என்றார் கலியமூர்த்தி.

கரண்டி அந்தரத்தில் நின்றது. “யோசிச்சித்தான் சொல்றீங்களா?”

“இல்ல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.”

“அப்ப சரி. நாளைக்கே போயி சேந்துட்டு வந்துடுறேன்” என்றாள் வைஜெயந்தி. “நீங்க யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள.”